மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார்

என்னைப் பற்றி ஒரு பொய், எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மேல்மாடியில், பல மாதங்களாக நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது. ஓசூர் சிப்காட்டில் எந்த டீக்கடையில் என்னைப் பற்றி யார் வாய் திறந்தாலும் பொழுது சாய்வதற்குள் என் காதுக்கு வந்துவிடும். அந்த அளவுக்கு ஊரில் எனக்கு ஆள் உண்டு. ஆனால் அத்திப்பள்ளி தாண்டி நடந்த பேச்சு மட்டும் எனக்கு எட்டவில்லை.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு அந்தப் பொய்க்கு வருகிறேன்.

மத்தூர்ப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமத்தில் பிறந்தவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உறவு தீர்ந்தது. கல்யாணமாகி ஓசூருக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். தகட்டை வைத்து மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கி ஒரே அடியில் வெட்டியோ வளைத்தோ கொடுக்கும் இயந்திரம் அது. ஒருநாள் தகட்டோடு அவர் விரல்களும் போயின. அவர் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தபோது, அதே பிரஸ்ஸில் நான் போய் உட்கார்ந்தேன். அந்தப் பட்டறைக்குப் பெண்கள் அதுவரை பெருக்கத்தான் வருவார்கள். சேலைக்கு மேல் அவருடைய சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்த என்னைப் பார்த்து, "இந்தம்மாவுக்கு எந்த விரல் மொதல்ல போவும்?" என்று பந்தயம் கட்டினார்கள். இதோ, எல்லா விரலும் இருக்கிறது. ஒன்றில் கல் வைத்த மோதிரமும் இருக்கிறது. அந்தப் பட்டறை நின்ற இடத்தையும் சேர்த்து வாங்கித்தான் இன்று என் ஷெட் நிற்கிறது. என் பிரஸ்ஸில் அடித்த பாகம் இல்லாத வண்டி இந்த ரோட்டில் குறைவு என்று நான் சொல்வதுண்டு. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ரொம்பக் கூட்டவில்லை.

அந்த நாளில் சரக்குப் பார்க்க வரும் கம்பெனி ஆட்கள் என்னிடமே வந்து, "ஓனர் எங்கம்மா?" என்பார்கள். "அவரு வெளிய போயிருக்காரு, நாளைக்கி வாங்க" என்று அனுப்பிவிடுவேன். மறுநாள் வந்தால் நாற்காலியில் நானே உட்கார்ந்திருப்பேன். "நேத்து வெளிய போன ஓனர் வந்தாச்சு, உக்காருங்க" என்பேன். அதற்குப் பிறகு ஒருத்தரும் என்னிடம் வாலாட்டியதில்லை.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு பெண் வேலைக்குப் போவதை நான் தடுப்பேன் என்று எவராவது சொன்னால் எனக்கு எப்படி இருக்கும் என்று படிக்கிற உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என் மருமகள் சானமாவுக் காட்டை ஒட்டிய ஊர்க்காரி. ராகியும் அவரையும் போடுகிற குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ், சந்தையில் கன்னடம். அவளுக்குப் பெங்களூரில் தகவல் பாதுகாப்பு வேலை. பெண் பார்க்கப் போனபோது என் அண்ணி சும்மா இருக்காமல், "செக்யூரிட்டின்னா கேட்டாண்ட நிக்கறதா கண்ணு?" என்று கேட்டுவிட்டாள். அவள் முகம் சுளிக்கவில்லை. "ஆமாங்க. ஆனா அந்த கேட்டு கண்ணுக்குத் தெரியாதுங்க" என்றாள். அந்தப் பதிலுக்காகவே அவளை முடிவு செய்தேன். ஜாதகம் பார்த்ததெல்லாம் பிற்பாடு.

அவள் வேலையை எனக்குப் புரிகிற மாதிரி அவளே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரி, பேங்க் என்று பெரிய பெரிய இடங்களின் கம்ப்யூட்டர்களை இவர்கள் கம்பெனி காவல் காக்கிறது. எங்காவது திருடன் புகுந்துவிட்டால் ஒரு குழு பாயும். எந்த வழியாக வந்தான், எதையெல்லாம் தொட்டான், இன்னும் உள்ளே இருக்கிறானா என்று தேடிப் பிடித்து வெளியே தள்ளும். அந்தக் குழுவில்தான் என் மருமகள் இருந்தாள். பேத்தி பிறந்து, லீவு முடிந்து திரும்பிப் போனபோது அவளுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். பேப்பர்களைச் சரிபார்ப்பது, மற்ற ஊழியர்களுக்கு பாஸ்வேர்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி வகுப்பு எடுப்பது. "வேலை கொஞ்சம் லேசு அத்தை" என்று மட்டும் சொன்னாள். நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்படியே போயிருக்கும். ஆயுத பூஜை வந்தது.

எங்கள் பக்கம் ஷெட்களில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். முதல் நாளே மண்ணெண்ணெய் போட்டு இயந்திரங்களைத் துடைத்து, மறுநாள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை படைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்போம். பூஜை போட்ட கருவியை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை ஒருவரும் தொடக் கூடாது. ஸ்பேனரைக்கூட எடுக்க மாட்டோம். ஆபீஸ் அறையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் அதே மரியாதை. அதன் நெற்றியில் பொட்டு, தலையில் கதம்பம், மவுஸ் மேல் ஒரு சாமந்தி. பூஜைக்கு வைத்ததை அணைத்து வைப்பது அபசகுனம் என்று எங்கள் ஆபீஸ் மேனேஜர் ஒரு சட்டம் வைத்திருந்தார். பட்டம் படித்தவர், கடிதப் போக்குவரத்தெல்லாம் அவர் கையில். சரி என்று நானும் விட்டிருந்தேன். அதனால் அது பொட்டு வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டே இருக்கும்.

அன்று கற்பூரம் காட்டுகிற நேரம். எல்லோரும் பிரஸ் பக்கம் நிற்கிறோம். தீப்பெட்டி எடுக்க, பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மருமகள் ஆபீஸுக்குள் போனாள். போனவள் திரும்பவில்லை.

"அத்தை, கொஞ்சம் இங்க வாங்க."

அந்தக் குரலை அதற்கு முன் அவளிடம் நான் கேட்டதில்லை. சத்தமே இல்லை, ஆனால் ஷெட்டில் கை மாட்டப்போகிறவனை நான் கூப்பிடுகிற குரல் அது. போனேன். மேனேஜரும் பின்னாலேயே வந்தார். கம்ப்யூட்டர் திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்துகொண்டிருந்தது. அறையில் ஒருவரும் அதைத் தொடவில்லை.

"மவுஸு மேல பூ இருக்குதுல்ல, அது அழுத்தியிருக்கும் மேடம்" என்றார் மேனேஜர்.

"பூவு அழுத்தி ஃபோல்டர் தொறக்குமாண்ணா? பாருங்க, ஒவ்வொண்ணாத் தொறந்து பாக்கறான்."

மேனேஜர் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அப்ப ஆஃப் பண்ணிடலாம்!" என்று சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

"அணைக்காதீங்க! வந்தவன் தடம் அதுக்குள்ளதான் இருக்குது. அணைச்சா அழிஞ்சிடும். நெட்டு வயர மட்டும் புடுங்குங்க, போதும்."

அவர் கை பாதியில் நின்றது. அணைக்கத் துணிந்த மனிதருக்கு, பெண்பிள்ளை ஒருத்தி சொன்னதும் சாஸ்திரம் ஞாபகம் வந்துவிட்டது. "பூஜைக்கி வெச்சதத் தொடலாமா மேடம்? சாஃப்ட்வேர் போட்டவருக்கு ஒரு போன் போட்டுக் கேக்கறேன். அவரு இந்த லைன்ல பழுத்தவரு. நீங்க பேப்பர் பாக்கற சைடுதானே, தம்பி சொல்லிச்சு."

தம்பி என்றது என் மகனை. அவன் வாசலில் கற்பூரத் தட்டோடு நின்று என்னைப் பார்த்தான். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் ஷெட்டில் எது நடந்தாலும் கடைசியில் எல்லோரும் பார்ப்பது என் முகத்தைத்தான்.

"எந்த வயரும்மா?" என்று கேட்டேன்.

"நீலம்."

கதம்பத்தை விலக்கி, பிடித்து இழுத்தேன். வயரோடு பூவும் பொட்டும் கையில் வந்தன. அம்பு நின்றுவிட்டது. எந்தச் சாமியும் அதற்காக இன்றுவரை என்னைக் கேள்வி கேட்கவில்லை.

அன்று மதியமெல்லாம் அவள் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. பேத்தி என்னிடம். நான் பொரியை ஊட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கல்யாணத்தன்றுகூட யாரையும் நான் அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. உதட்டைக் கடித்துக்கொள்கிறாள், தனக்குத் தானே தெலுங்கில் ஏதோ முணுமுணுக்கிறாள், ஒரு இடத்தில் "வாடா வா" என்று சிரிக்கிறாள். சாஃப்ட்வேர் போட்டவர், கோளாறு வந்தால் தன் ஊரிலிருந்தே சரிசெய்வதற்காக எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு வழி திறந்து வைத்திருந்தாராம். அதற்குப் பூட்டு, எங்கள் ஷெட்டின் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். எவனோ ஒருவன் அந்த வழியில் வந்து, கம்பெனிகள் எங்களை நம்பிக் கொடுத்த பாகங்களின் வரைபடங்களை அள்ளிக்கொண்டிருந்திருக்கிறான். வரைபடம் வெளியே போனது என்று தெரிந்தால் அப்புறம் எங்களுக்கு எந்தக் கம்பெனி வேலை கொடுக்கும்?

"ஏம்மா, இன்னிக்கின்னு பாத்தா வந்தான்?" என்று கேட்டேன்.

"இன்னிக்கிதான் அத்தை வருவான். ஊரே கருவியத் தொடாம கைகட்டி நிக்குது. ஒவ்வொரு ஆபீஸ்லயும் கம்ப்யூட்டரு பூ வெச்சிக்கிட்டு தொறந்தே கெடக்குது. அவனுக்கு இதவிட நல்ல நாளு எந்தக் காலண்டர்ல இருக்குது?"

வரைபடம் கொடுத்த கம்பெனிக்கு மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும் என்றாள். மேனேஜர் வேண்டாம் என்றார். நான் சொல்லச் சொன்னேன். போனை ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் ஒரு ஆண்குரல். இவள் ஆரம்பித்ததுமே, "சரிம்மா, உங்க ஐ.டி. ஆளு யாராச்சும் பக்கத்துல இருந்தா குடுங்க" என்றது.

"நான்தான் சார்."

"இல்லம்மா, கொஞ்சம் டெக்னிக்கலா பேசணும்."

ஓனர் எங்கம்மா! இத்தனை வருஷம் கழித்து அதே கேள்வி, சட்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறது. நான் போனைப் பிடுங்கக் கை நீட்டினேன். அவள் என்னைப் பார்க்காமலே கையைத் தடுத்துவிட்டு, இங்கிலீஷில் நிதானமாக என்னவோ சொன்னாள். பிறகு அந்தக் குரல், "ஒரு நிமிஷம் மேடம், எழுதிக்கறேன்" என்றது.

வேலை முடிந்து அவள் எழுந்தபோது முகத்தில் ஒரு களை. பிரசவத்துக்குப் பிறகு அந்தக் களையை நான் பார்க்கவில்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையில் பொரியைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"இவ்ளோ கெட்டிக்காரிய எதுக்கும்மா அங்க பேப்பர் பாக்க உக்கார வெச்சிருக்கானுங்க?"

"சொன்னா கோவப்படுவீங்க."

"படறேன். நீ சொல்லு."

"நீங்க ஒத்துக்க மாட்டீங்களாம்."

"நானா? எத?"

அப்போதுதான் எல்லாம் வந்தது. லீவு முடிந்து போனதும் பழைய குழுவுக்கே அனுப்பும்படி கேட்டிருக்கிறாள். அவளுடைய மேலதிகாரி, நல்ல மனிதர்தான் என்கிறாள், ரொம்ப அக்கறையாகச் சொன்னாராம். அந்த வேலையில் எந்த நேரத்திலும் போன் வரும், கைக்குழந்தை, வீட்டில் மாமியார் வேறு இருக்கிறார், அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், உனக்கு எதற்கு வீண் சங்கடம்?

"என்னப் பத்தி அவனுக்கு என்னாடி தெரியும்?"

"வீட்ல மாமியார் இருக்காங்கன்னு நான்தான் அத்தை சொன்னேன். கொழந்தயப் பாத்துக்க ஆளு இருக்குதுன்னு சொல்றதுக்காக."

துணைக்கென்று அவள் சொன்ன என்னையே தடையாக்கிவிட்டார்கள்.

அவள் மேலும் சொன்னாள். அந்தக் குழுவில் முன்பு இன்னும் சில பெண்கள் இருந்திருக்கிறார்கள். ஒருத்திக்கு அப்பா ஒத்துக்க மாட்டார், ஒருத்திக்கு வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டார் என்று ஒவ்வொருத்தராகப் பேப்பர் பக்கம் வந்துவிட்டார்கள். அந்த அப்பாவையும் வீட்டுக்காரரையும் ஒருத்தரும் போய்க் கேட்டதில்லை. இப்போது குழுத்தலைவரே வேலையை விட்டுப் போகிறார். அந்த இடத்துக்கு, இவள் கைபிடித்துக் கற்றுக்கொடுத்த ஒருவரைப் போடப் பேச்சு நடக்கிறது. தீபாவளிக்கு முன்னால் முடிவாகிவிடும்.

"இந்த எடம் போச்சுன்னா போச்சு அத்தை. இந்த வேலைய ரெண்டு வருஷம் தொடாம இருந்தா கை மறந்துடும். திருடன் தெனம் புதுசா கத்துக்கறான், நான் பேப்பர்ல டிக் அடிச்சிக்கிட்டு இருக்கேன். கெடைக்கலன்னா பேப்பர் போட்டுடலாம்னு இருக்கேன்." ராஜினாமாவைத்தான் அப்படிச் சொன்னாள்.

"வண்டிய எடுக்கச் சொல்லு. இப்பவே போலாம்."

"இன்னிக்கி ஆபீஸ் லீவு அத்தை."

"அப்ப நாளன்னிக்கி. அந்தாளு மூஞ்சிக்கி நேரா நின்னு, நான்தாண்டா அந்த மாமியாரு, நான் ஒத்துக்கறேன்னு சொல்றேன். அப்பறம் என்னா சொல்றான்னு பாக்கலாம்."

"வேணாம்."

"ஏன்? எனக்கு இங்கிலீஷ் வராதுன்னா? கன்னடத்துல கேக்கறேன்."

அவள் சிரிக்கவில்லை. "நீங்க வந்து ஒத்துக்கறேன்னு சொல்லிட்டா, என் வேலைக்கி உங்க ஒப்புதல் வேணும்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி அத்தை. நாளைக்கி இன்னொரு பொண்ணு வந்து கேப்பா. உன் மாமியாரக் கூட்டிட்டு வான்னு சொல்லுவாங்க. எல்லா மாமியாரும் உங்கள மாதிரி இருப்பாங்களா? அவ எங்க போவா?"

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. கோபம் அவள்மேல் இல்லை. வாழ்நாளெல்லாம் நான் ஜெயித்தது ஒரே வழியில்தான். கதவு சாத்தியிருந்தால் நானே போய் நிற்பேன், சத்தம் போடுவேன், திறக்கும். என் உடம்பும் என் குரலும்தான் என் முதல். இங்கே, நான் போய் நின்றாலே அவள் தோற்றுவிடுவாள் என்கிறாள். யோசிக்க யோசிக்க அவள் சொன்னது சரி என்றுதான் பட்டது. என் நல்ல மனசு அங்கே மருந்தில்லை. ஒருத்தி வேலை செய்ய இன்னொருத்தியின் நல்ல மனசு வேண்டியிருக்கிறதே, அதுதான் அங்கே நோய்.

என் மகனும் அதே குழந்தைக்கு அப்பன்தான். ஷெட்டில் இரண்டாவது ஷிப்டையும் பார்க்கிறான். குழந்தையை யார் பார்த்துக்கொள்வார், உன் பெண்டாட்டி ஒத்துக்கொள்வாளா என்று எந்தக் கம்பெனிக்காரரும் அவனைக் கேட்டதில்லை. இதை அவனிடமே சொன்னேன். "ஆமா, கேட்டதில்லல்ல" என்று ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி தலையைச் சொறிந்தான். அன்று ராத்திரிச் சாப்பாட்டைக் குழந்தைக்கு அவன்தான் ஊட்டினான். பாதி தரையில் போயிற்று, பரவாயில்லை.

ஒரு நாள் அவள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். பேத்தி என் மடியில் தூங்குகிறது. பக்கத்து அறையில் மருமகள் அந்த மேலதிகாரியோடு பேசுவது கேட்டது. அவர் பேசியது அவள் காதுக்குள்ளேயே போய்விட்டது, இவள் பேசியதுதான் எனக்கு. பாதி இங்கிலீஷ், பாதி கன்னடம். கன்னடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷைப் பிற்பாடு அவளிடமே கேட்டுக்கொண்டேன். இங்கே தமிழில் தருகிறேன்.

"இல்ல சார், என் வீட்ட விட்டுடுங்க... சரி, அந்த எடத்துக்கு நீங்க சொல்றவருக்கும் ரெண்டு கொழந்த இருக்குது. அவரு வீட்ல யாரு ஒத்துக்கிட்டாங்கன்னு கேட்டீங்களா?... கேக்க வேணாம் சார், அதத்தான் நானும் சொல்றேன். யாரையும் கேக்க வேணாம்... இப்ப இருக்கறவரு ஏன் போறாரு? எந்த நேரத்துல எது நடந்தாலும் அவரு ஒருத்தருக்குத்தான் போன் போவுது. ஆம்பளையாலயும் முடியலன்னுதான சார் போறாரு?... எங்க ஊர்ல யானைக்கிக் காவல் இருப்பாங்க சார். ராகி வெளயற காலத்துல காட்ட விட்டு எறங்கும். ஊருக்கே ஒரு ஆளா காவல் இருக்க முடியும்? வீட்டுக்கு வீடு முறை. எங்க வீட்டு முறை வந்தா எங்கம்மாவும் பரண்ல ஏறுவாங்க, அவங்க கைல நான் இருந்தேன். கொழந்த இருக்குதேன்னு யானை வராம இருக்குமா?... முறை வெச்சிடுங்க சார். ஒரு வாரம் ஒருத்தரு. கல்யாணம் காரியம்னா முன்னாடியே மாத்திக்கலாம். எனக்கு மட்டும் சலுக வேணாம். எல்லாருக்கும் ஒரே முறை."

நான் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். பேத்தி எழுந்துவிட்டால் அவள் பேச்சைப் பாதியில் விட வேண்டியிருக்குமே என்ற பயம் வேறு.

தீபாவளி போயிற்று. பதில் வரவில்லை. அவள் பட்டாசுகூட வெடிக்கவில்லை. போனைத் தூக்குவாள், வைப்பாள். கார்த்திகை தீபத்துக்கு விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. கையில் எண்ணெயோடு என்னிடம் வந்து, "குடுத்துட்டாங்க அத்தை. முறையும் வெச்சிட்டாங்க. ஆனா கொஞ்ச நாளு பாக்கலாம், வீட்ல ஏதாச்சும் பிரச்சினைன்னா சொல்லும்மான்னு சொன்னாரு" என்றாள்.

வீட்டில் பிரச்சினை! இன்னும் என்னைத்தான் சொல்கிறான். அந்த ஒரு வார்த்தை எனக்குள் முள்ளாக நின்றுவிட்டது. இடம் அவளுக்குக் கிடைத்தது, ஆனால் என் பெயரில் ஒரு சந்தேகக்கேஸ் திறந்தே கிடக்கிறது. ஒரு சமயம் வரட்டும், ஊரறிய அதை முடிக்கிறேன் என்று முடிவு செய்தேன்.

தை மாதம் பேத்திக்குக் காதுகுத்து, மத்தூர்ப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில். சானமாவிலிருந்து சம்பந்தி வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். அண்ணி வந்தாள், பங்காளிகள் வந்தார்கள். நான் வந்தவர்களிடமெல்லாம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். "எம்மருமவளுக்கு எப்ப வேணும்னாலும் போன் வரும். பெரிய பெரிய ஆஸ்பத்திரி, பேங்கெல்லாம் அவ கையில. காது குத்தற நேரத்துல வந்தாலும் எழுந்து போயிடுவா. ஒருத்தரும் ஒரு வார்த்த பேசக் கூடாது. நானே பேச மாட்டேன், பாத்துக்குங்க."

"அதென்னா, பெத்தவ எழுந்து போறது? அந்தக் கம்பெனியில ஆம்பளையே இல்லயா?" என்றாள் அண்ணி.

"ஆம்பளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தவளே அவதான்."

கோயில் பின்னால் சமையல்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறையைக் காலி செய்து, மேசை போட்டு, செல்போன் சிக்னல் வருகிறதா என்றுகூடப் பார்த்துவைத்துவிட்டேன். போன் வர வேண்டும், அவள் போக வேண்டும், நான் பேத்தியை வாங்கிக்கொண்டு கம்பீரமாக உட்கார வேண்டும், அதை எல்லோரும் பார்க்க வேண்டும். இதுதான் என் ஏற்பாடு.

பேத்தி தாய்மாமன் மடியில் உட்கார்ந்தது. தட்டான் கம்பியை மஞ்சளில் துடைத்தார். நான் மருமகளின் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அவள் கையிலேயே இல்லை. பைக்குள் கிடந்தது.

"என்னா, அடிக்கவேயில்ல?" என்று அண்ணி காதோரம் குசுகுசுத்தாள்.

நானும் பொறுக்க முடியாமல் மருமகளிடம் போய், "போன வெளிய எடுத்து வெய்யிம்மா, வந்தா கேக்காது" என்றேன்.

"இந்த வாரம் என் முறை இல்லயே அத்தை. பொங்கலுக்கு நான் உக்காந்தேன்ல? அந்த அண்ணன் ஊருக்குப் போவணும்னாரு. அதுக்குப் பதிலா இன்னிக்கி அவரு பாக்கறாரு."

பொங்கலன்று அவள் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அவள் இடத்துக்கு வரவேண்டியிருந்த அதே ஆள். இரண்டு குழந்தைக்காரர். அவர் ஊரில் அன்று பொங்கல் பொங்கியிருக்கும், இன்று எங்கள் வீட்டில் காதுகுத்து. அவ்வளவுதான் விஷயம். எழுந்து ஓட வேண்டியதும் இல்லை, யாரும் ஒத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சண்டைக்கு இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு போனால், எதிரியே வராத மாதிரி.

அப்போது போன் அடித்தது. என்னுடையது.

ஷெட்டிலிருந்து போர்மேன். பெரிய பிரஸ் நின்றுவிட்டதாம், அச்சு பாதியில் மாட்டிக்கொண்டதாம். நான் யோசிக்கவேயில்லை. கால் தானாக வாசலைப் பார்த்துத் திரும்பியது. நான் எந்த விசேஷத்திலும் முழுதாக உட்கார்ந்ததில்லை. அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். என் மகனுடைய காதுகுத்தில் அவன் அழுதானா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது, ஷெட்டில் தாமிரப் பாகத்தை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"யாரு அத்தை?"

"ஷெட்டும்மா. பெரிய பிரஸ் மாட்டிக்கிச்சாம். நான் ஒரு எட்டு..."

கம்பியோடு தட்டான் நிற்கிறார். பேத்தி என்னைப் பார்க்கிறது. சொந்தபந்தமெல்லாம் என்னைப் பார்க்கிறது. மருமகள் கையைக் கட்டிக்கொண்டு, ரொம்பப் பணிவாக, ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்:

"போங்க அத்தை. உங்க மருமக ஒத்துக்கறா."

அண்ணி சிரித்த சிரிப்பில் அவள் மடியிலிருந்த வெற்றிலைத்தட்டு உருண்டது. சம்பந்தி அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நானும் சிரித்துவிட்டேன், ஆனால் நின்ற இடத்திலேயே நின்றேன். போனில் போர்மேன் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"நீயே பாத்துக்க. எம்மவன்கிட்ட கேக்கணும்னா காது குத்தி முடிஞ்சதும் கேளு" என்றேன்.

"நீங்க வரலிங்களாம்மா?" அவன் குரலில் பயம். இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றை அவன் கேட்டதில்லை.

"இன்னிக்கி என் முறை இல்ல."

எங்கள் ஷெட்டில் முறை என்று ஒன்று கிடையவே கிடையாது. எந்த நேரத்தில் எது நின்றாலும் போன் எனக்குத்தான் வரும், அதுதான் என் கிரீடம். ஆனால் சொல்லிவிட்டேன், சொன்ன பிறகு ஒன்று வைத்துத்தான் ஆக வேண்டும். போர்மேன், மகன், பிரஸ்ஸில் அச்சை மாட்டி டை செட் பண்ணுகிற கெலவரப்பள்ளிப் பெண் ஒருத்தி, எல்லோரையும் போட்டு மருமகளே எழுதித் தரட்டும். அந்தப் பெண்ணின் வீட்டில் ஒத்துக்கொள்வார்களா என்று நான் கேட்கப் போவதில்லை. அவளையே கேட்பேன்.

போனை அணைத்துவிட்டுப் போய்ப் பேத்தியின் எதிரில் உட்கார்ந்தேன். தட்டான் கம்பியை இறக்கினார். பேத்தி போட்ட கத்தலில் கோயில் மரத்துக் காக்கையெல்லாம் பறந்தன. அவளுக்கு என் குரல்தான்.

பிரஸ்ஸை அன்று சாயங்காலத்துக்குள் அவர்களே ஓடவிட்டுவிட்டார்கள். நான் போயிருந்தால் மதியத்துக்கே ஓடியிருக்கும். அது வேறு விஷயம்.